மலைப்பாம்பை ரசிப்போம்... தள்ளி நின்று!

மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது.

இது நூற்றுக்கு நூறு உண்மை. இந்த உண்மையை நம்பின ஒரு இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு ஆறு முறை டயாலிசிஸ் பண்ண வேண்டியதாகிவிட்டது. எப்படி என்று பிறகு சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ குடித்துக்கொண்டே படிக்கலாம்.

அதற்கு முன்னால் மலைப்பாம்பைப் பற்றி ஆசை தீரப் பேசிவிடுகிறேன்.

"பாம்புக்கடிக்கு வைத்தியம் பாக்குற ஆளு நீங்க, உங்களுக்குப் பாம்பு பிடிக்குமா சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலு பேரையும் நினைத்தாலே எனக்கு கேசுவாலிட்டி கட்டில்தான் ஞாபகம் வரும். மரியாதை உண்டு. ரசிக்க மனசு வராது. மலைப்பாம்பு கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது அதைக் காட்டிலோ ரோட்டிலோ பார்க்கிற பாக்கியம் கிடைக்கிறது. பார்த்த அன்று முழுக்க ஓபியில் கொஞ்சம் சிரித்த முகமாக இருப்பேன் என்று எங்கள் சிஸ்டர் சொல்வார்.

முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தது கண்ணாடிக்குப் பின்னால்தான். எம்பிபிஎஸ் முதல் வருஷம். ஊரிலிருந்து வந்த தம்பியைக் கூட்டிக்கொண்டு கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போயிருந்தேன். ரோமுலஸ் விட்டேக்கர் ஆரம்பித்த பண்ணை அது, 1972ல் இருந்து கிண்டியில் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மலைப்பாம்பு தோல் உரிக்கிற நிலைமையில் கிடந்தது. கண் இரண்டும் பால் ஊற்றினது மாதிரி வெளுத்து நீலம் பூத்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "பாவம், கண்ணு தெரியல போல" என்றார். அங்கே வேலை செய்த அண்ணன்தான் சொன்னார்: பாம்புக்கு இமை கிடையாது, கண்ணின் மேலேயும் ஒரு மெல்லிய செதில் இருக்கும், உரிக்கும்போது அதுவும் சேர்ந்து உரியும், அதற்கு முன்னால் இப்படி மங்கும்.

அவரே இன்னொன்றும் காட்டினார். வால் தொடங்குகிற இடத்தில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன நகம் மாதிரி. "இது காலு தம்பி" என்றார்.

பாம்புக்கு ஏதுங்க கால் என்று சிரித்தேன். ஆனால் அது நிஜமாகவே கால்தான். பல கோடி வருஷத்துக்கு முன்னால் பாம்பின் முன்னோருக்கு இருந்த பின்னங்கால்களின் மிச்சம். உள்ளே குட்டியாக இடுப்பெலும்பும் தொடை எலும்பும்கூட உண்டு. மறுநாள் அனாடமி வகுப்பில் தொடை எலும்பைக் கையில் கொடுத்து இது வலதா இடதா என்று கேட்டார்கள். எனக்கு அந்த நகம்தான் கண்ணுக்குள் நின்றது. நமக்கு ஒன்றரை அடி நீளத்தில் இருக்கிற அதே எலும்பு, அங்கே உடம்புக்குள் ஒரு துண்டாகச் சுருங்கிக் கிடக்கிறது. நமக்கு முதுகெலும்புத் துண்டுகள் 33. அதற்கு 300க்கும் மேல். அத்தனைக்கும் பெயர் எழுதச் சொல்லாமல் விட்டார்களே என்று நிம்மதிப்பட்டுக்கொண்டேன்.

காட்டில் பார்ப்பது வேறு மாதிரி. முதலில் அது கண்ணுக்கே தெரியாது.

சத்தியமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துக்கு மருத்துவ முகாமுக்குப் போயிருந்தோம். முகாம் முடிகிற நேரத்தில் வாழைக்காட்டில் ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பத்துப் பதினைந்து பேர் நின்று கையை நீட்டுகிறார்கள், எனக்கு வெறும் காய்ந்த வாழைச்சருகுதான் தெரிகிறது. ஒரு பையன் என் தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டினான். சருகோடு சருகாக, மஞ்சளும் காப்பிக்கொட்டை நிறமுமாகத் திட்டுத் திட்டாக ஒரு உடம்பு. நடுவில் தலையணை சொருகினது போல ஒரு வீக்கம். வெயில் பட்ட இடத்தில் மட்டும் பெட்ரோல் சிந்தின தண்ணீர் மாதிரி ஒரு வானவில் மினுமினுப்பு. பத்தடி இருக்கும்.

அந்த வீக்கம் ஒரு ஆட்டுக்குட்டி. ஆட்டுக்காரப் பாட்டியும் அங்கேதான் இருந்தார்.

வனத்துறை ஆட்கள் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிப் பார்த்தேன். ஸ்டெதஸ்கோப் மாட்டின ஆளுக்கு ஊசி போடுகிற வரைக்கும்தான் மரியாதை! யாரோ குச்சியால் தட்டினார்கள், யாரோ செல்போனை மூஞ்சிக்கு நேராகக் கொண்டுபோனார்கள். கடைசியில் அந்தப் பாம்பு வாயைத் திறந்து, முழுங்கினதை அப்படியே வெளியே தள்ளிவிட்டு, நகர ஆரம்பித்தது.

இது மலைப்பாம்பின் வழக்கம். வயிறு நிறைந்திருந்தால் ஓட முடியாது. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் சாப்பாட்டைக் கக்கிவிட்டு உடம்பை லேசாக்கிக்கொண்டு தப்பிக்கும். வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த சாப்பாடு அது, மறுபடி எப்போது கிடைக்குமோ தெரியாது.

பாட்டி தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஆட்டையும் முழுங்கிப்போட்டு, இப்பக் கக்கிப்போட்டும் போவுது பாருங்க சாமி. எனக்கும் இல்லாம, அதுக்கும் இல்லாமப் போச்சுங்களே!"

இதைவிடச் சரியாக அந்த நிலைமையை யாரும் சொல்லிவிட முடியாது. வனவிலங்கு பாதுகாப்பு பற்றி நான் கேட்ட எந்தப் பேச்சிலும் அந்தப் பாட்டியின் ஆட்டுக்கு இடம் இருந்ததில்லை. அவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சரி, ஒரு ஆட்டுக்குட்டி எப்படி அந்த வாய்க்குள் போகிறது?

தாடையைக் கழற்றிக்கொண்டு முழுங்கும் என்று பலரும் நினைக்கிறோம். கழற்றுவதெல்லாம் கிடையாது. நமக்குக் கீழ்த்தாடை முன்பக்கம் ஒன்றாக ஒட்டிப் பிறந்தது. உங்கள் மோவாயைத் தொட்டுப் பாருங்கள், ஒரே எலும்பு. பாம்புக்கு அங்கே இரண்டு துண்டு, நடுவில் ரப்பர் மாதிரி இழுபடும் தசைநார். வலப்பக்கம் ஒரு இழுப்பு, இடப்பக்கம் ஒரு இழுப்பு என்று இரையின் மேல் வாய் நடந்து போகும். வாய் அடைத்திருக்கும்போது மூச்சு? மூச்சுக்குழலின் வாயை ஒரு குழாய் மாதிரி வெளியே நீட்டிவிட்டு மூச்சு விடும். மயக்க மருந்து நிபுணர்கள் நோயாளியின் தொண்டைக்குள் டியூப் போடுகிறோமே, அதைப் பாம்பு பிறவியிலேயே கையோடு கொண்டுவந்துவிட்டது.

அதற்கு முன்னால், கொல்வது எப்படி? மூச்சுத் திணறவைத்துக் கொல்லும், எலும்பை நொறுக்கும் என்றுதான் நானும் படித்தேன். 2015ல் அமெரிக்காவில் ஸ்காட் போபேக் குழுவினர், இதே மாதிரி இரையைச் சுற்றி இறுக்கும் போவா பாம்புகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். மயக்கத்தில் இருந்த எலிகளின் ரத்தக்குழாயில் கருவி பொருத்தி, பாம்பு இறுக்கும்போது என்ன ஆகிறது என்று அளந்தார்கள். ஆறே நொடியில் தமனி ரத்த அழுத்தம் பாதியாக விழுந்துவிட்டது. ரத்த ஓட்டமே நின்றுபோகிறது. மூச்சு முட்டிச் சாக அதற்கு நேரமே இல்லை. அதே குழு முன்னால் செய்த இன்னொரு ஆய்வில், இரையின் இதயத்துடிப்பைப் பாம்பு தன் உடம்பால் உணர்கிறது, துடிப்பு நிற்கும் வரை பிடியை விடுவதில்லை என்று கண்டார்கள். நாங்கள் வார்டில் கழுத்துப் பக்கம் இரண்டு விரல் வைத்து நாடி பார்ப்போம். அது மொத்த உடம்பாலும் நாடி பார்க்கிறது.

சாப்பிட்ட பிறகு நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பர்மிய மலைப்பாம்பு நம்ம ஊர் மலைப்பாம்பின் நெருங்கிய சொந்தம், ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனம் என்றே கணக்கு வைத்திருந்தார்கள். அது ஒரு பெரிய இரையை முழுங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் அதன் இதயம் 40 சதவீதம் பெரிதாகிறது என்று 2005ல் ஒரு ஆய்வு வந்தது. குடலும் கல்லீரலும்கூட வளர்கின்றன. ஜீரணம் முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். பட்டினி கிடக்கும்போது அவ்வளவு பெரிய குடலை எதற்குத் தீனி போட்டு வளர்ப்பது என்கிற சிக்கனம். (பிற்பாடு வேறு சிலர் செய்த ஆய்வுகளில் இதயம் அந்த அளவுக்கு வளரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிவியல் அப்படித்தான் அடித்துப் பேசிக்கொண்டே போகும்.)

2011ல் வந்த ஆய்வு இன்னும் வேடிக்கை. சாப்பிட்ட மலைப்பாம்பின் ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு 50 மடங்குக்கு மேல் ஏறுகிறது. ரத்தம் பால் மாதிரி ஆகிவிடும். நமக்கு 150ஐத் தாண்டினாலே லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் அடித்து, வீட்டில் எண்ணெய்ப் பாட்டிலை ஒளித்து வைத்துவிடுவார்கள். மலைப்பாம்பின் இதயத்தில் அந்தக் கொழுப்பு கொஞ்சம்கூடப் படிவதில்லை. அந்த ரத்தத்தில் இருந்த மூன்று கொழுப்பு அமிலங்களைக் கலந்து எலிக்குக் கொடுத்தபோது எலியின் இதயமும் ஆரோக்கியமாக வளர்ந்தது. எக்கோவில் "இதயம் வீங்கியிருக்கு" என்று எழுதி வருகிற என் நோயாளிகளை நினைத்துக்கொள்வேன். அவர்களுக்கு அந்த வீக்கம் திரும்பிப் போவது அவ்வளவு சுலபமில்லை. பாம்புக்கு அது ஒரு வாரத்துச் சமாச்சாரம்.

தாய்மை பற்றியும் சொல்லாவிட்டால் மனசு கேட்காது.

மலைப்பாம்பு முட்டையிட்டு அதன் மேல் சுருண்டு படுத்துவிடும். சுமார் இரண்டு மாசம். பெரும்பாலும் சாப்பாடு கிடையாது. குளிர் அடித்தால் உடம்பை விட்டு விட்டு உதறும், விக்கல் எடுப்பது மாதிரி. அந்தத் தசை உதறலில் வருகிற சூட்டில் முட்டைகளைச் சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி வெதுவெதுப்பாக வைத்திருக்கும். குளிர்ந்த ரத்தப் பிராணி என்று நாம் பட்டம் கட்டின ஜீவன்!

இதில் ஒரு கதை உண்டு. 1832ல் லாமார்-பிகோ என்ற பிரெஞ்சுக்காரர், இந்தியாவில் மலைப்பாம்பு முட்டையை அடைகாத்துச் சூடாக்குவதைப் பார்த்ததாக பாரிஸ் அறிவியல் கழகத்தில் சொன்னார். பெரிய பெரிய ஆட்கள் நம்பவில்லை, தள்ளிவிட்டார்கள். 1841ல் பாரிஸ் காட்சிசாலையிலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. வலன்சியன் என்ற விஞ்ஞானி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது. பிறகு 1966ல் நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சிசாலையில் இருந்த ஒரு பெண் பாம்பை வைத்து அந்த உதறல்தான் சூட்டுக்குக் காரணம் என்று ஒழுங்காக நிரூபித்தார்கள். கூண்டில் இருந்த பாம்புகளால் நமக்குக் கிடைத்த அறிவு இது, அதை மறுக்க முடியாது. எடை குறைந்து பிறந்த குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, "இப்படியே வச்சிருங்கம்மா, இதுதான் இங்குபேட்டர்" என்று நாங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த பிராங்ஸ் பாம்பு ஞாபகம் வரும். அந்த அம்மாக்களிடம் இதைச் சொன்னதில்லை. அடி விழும்.

காட்டில் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்து எழுதினவர்களும் நம்மிடையே உண்டு. கோவை சலீம் அலி மையத்தில் இருந்த எஸ். பூபதி, ராஜஸ்தான் பரத்பூரில் மலைப்பாம்புகளை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர். அங்கே முள்ளம்பன்றி தோண்டின வளையிலேயே மலைப்பாம்பும் குடித்தனம் நடத்துகிறது, குளிர்காலத்தில் வாசலில் வந்து வெயில் காய்கிறது. 2014ல் அகத்தியமலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் பூபதி இறந்துபோனார்.

அவருக்கும் ரொம்ப முன்னால், நம்ம மலைபடுகடாம். மன்னனிடம் பரிசு வாங்கப் போகிற கூத்தர் கூட்டத்துக்கு மலைவழியில் என்னென்ன ஆபத்து என்று சொல்லிக்கொண்டே போகிற பாட்டு. அதில் மலைப்பாம்பு வருகிறது. மாசுணம் என்று பெயர். விழுந்து கிடக்கிற மரம் மாதிரி வழியில் கிடக்கும், ஒதுங்கிப் போங்கள் என்கிறது பாட்டு. அடி, கொல்லு என்று சொல்லவில்லை, தூக்கித் தோளில் போடு என்றும் சொல்லவில்லை. நான் படித்த பாம்புக்கடி வழிகாட்டி நெறிமுறைகளிலேயே மிகப் பழையது அதுதான்.

இனி அந்தப் பையன் கதை.

ராத்திரி ஒன்பதரை மணி. நண்பர்கள் இரண்டு பேர் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார்கள். எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற தம்பி. வலது கை முழங்கை வரைக்கும் வீங்கியிருந்தது. கடி வாங்கினது சாயங்காலம் ஆறு மணிக்கு. மூணரை மணி நேரம் ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, "மலைப்பாம்புக் குட்டிதாண்ணா சார்... விஷம் இல்லன்னுட்டு மஞ்சள் பத்துப் போட்டோம்" என்றான் ஒருத்தன்.

கடிவாயைப் பார்த்தேன். மலைப்பாம்புக் கடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வலையில் சிக்கின பாம்பை எடுத்துவிடப் போன ஒருவருக்கு அதற்கு முந்தின வருஷம்தான் வைத்தியம் பார்த்திருந்தேன். மேலே நாலு வரிசை, கீழே இரண்டு வரிசை, எல்லாம் உள்பக்கம் வளைந்த ஊசிப் பற்கள். கையில் வளைவு வளைவாகப் புள்ளி வைத்துக் கோலம் போட்டது மாதிரி இருந்தது. ஒரு பல் ஒடிந்து உள்ளேயே தங்கியிருந்தது, மீன் முள் மாதிரி ஃபோர்செப்ஸில் எடுத்தேன். நன்றாகக் கழுவி, டிடி ஊசி, ஆன்டிபயாட்டிக். இருந்தாலும் ரத்த உறைதல் சோதனை பண்ணி, ஒரு நாள் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினோம்.

இந்தத் தம்பிக்குக் கட்டைவிரல் இடுக்கில் இரண்டே புள்ளி. ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"போட்டோ இருக்கா?"

வீடியோவே இருந்தது. வயல் வரப்பு. நாலைந்து பெரியவர்கள் தடியோடு நிற்கிறார்கள். இவன் குறுக்கே விழுந்து, "ஐயா அடிக்காதீங்க, மலைப்பாம்புங்க, ஒன்னும் பண்ணாது, பாவங்க" என்று கெஞ்சுகிறான். பிறகு கழுத்துக்குக் கீழே பிடித்துத் தூக்கி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். மூன்றடி இருக்கும். தடித்த உடம்பு. முதுகில் சங்கிலி கோத்த மாதிரி ஒரே அளவில் நீள்வட்டப் புள்ளிகள்.

கண்ணாடி விரியன்.

கவனியுங்கள். இவன் பாம்பைத் துன்புறுத்தப் போனவன் இல்லை. அங்கே இருந்த அத்தனை பேரிலும் பாம்பு மேல் பாசம் வைத்திருந்தது இவன் ஒருத்தன்தான்.

பரிசோதனைக்குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் ஆட்டாமல் வைத்தோம். சாய்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறையவைக்கிற சத்தையெல்லாம் எடுத்துச் செலவழித்துவிடும், பிறகு உடம்பில் எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியும். கூடவே சிறுநீரகத்தையும் அடிக்கும். விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி. பொடியாக இருக்கும், தண்ணீர் விட்டு மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். நள்ளிரவில் எங்கள் சிஸ்டர் இரண்டு கையிலும் இரண்டிரண்டு குப்பியை வைத்துக்கொண்டு சுழற்றுவதைப் பார்த்தால் தாயம் உருட்டுவது மாதிரி இருக்கும். ஆறு மணி நேரம் கழித்து மறுபடி சோதனை, மறுபடி மருந்து. விடிகாலையில் ரத்தம் உறைய ஆரம்பித்தது. ஆனால் சிறுநீர் காப்பி நிறத்தில் கொஞ்சம் வந்து, பிறகு நின்றுவிட்டது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கேதான் ஆறு டயாலிசிஸ்.

முதல் அரை மணி நேரத்தில் வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மருந்து ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைத்தான் பிடிக்கும், சிறுநீரகத்தில் ஏற்கனவே நடந்த சேதத்தைத் திருப்பாது.

இரண்டு மாசம் கழித்து கிரியாட்டினின் ரிப்போர்ட்டோடு ஓபிக்கு வந்தான். நார்மல். இளைத்திருந்தான். கிளம்பும்போது, "சார்... மலைப்பாம்புக் குட்டி மாதிரியேதான சார் இருந்துச்சு?" என்றான்.

"ஆமா தம்பி. அப்படியேதான் இருந்துச்சு" என்றேன்.

இந்த இடத்தில், "ரெண்டுக்கும் வித்தியாசம் படம் போட்டு விளக்குங்க டாக்டர்" என்று கேட்பீர்கள். தெரிந்துகொள்வதில் தப்பில்லை. மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் இந்தியா மேப் மாதிரி சிதறிக் கிடக்கும், விரியனுக்குச் சங்கிலி. மலைப்பாம்பின் தோல் வழவழப்பு, விரியன் சொரசொரப்பு. மலைப்பாம்பின் மேலுதட்டில் வெப்பத்தை உணர்கிற குழிகள் இருக்கும். ஆனால் நான் படம் போட மாட்டேன். படத்தைப் பார்த்தவருக்குத் தைரியம் வந்துவிடும். சாயங்கால வெளிச்சத்தில், புல்லுக்குள் பாதி மறைந்து கிடப்பதை, மூன்று நொடியில் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. உதட்டுக் குழியை எண்ணிப் பார்க்கிற தூரத்தில் நீங்கள் இருந்தால், அது உங்களைக் கடிக்கிற தூரத்திலும் இருக்கிறது.

எந்தப் பாம்பு கடித்தாலும் "விஷமில்லாதது" என்று முடிவு பண்ணுகிற வேலையை எங்களுக்கு விடுங்கள். மோதிரம், வளையல், வாட்சைக் கழற்றிவிட்டு, கடித்த கையைக் காலை அசைக்காமல், கட்டு இறுக்காமல், கீறாமல், 108க்கு அழைத்து வந்து சேருங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். ஒரு தடவை கோணிப்பையில் உயிரோடு கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார்கள். ஓபி இரண்டே நிமிஷத்தில் காலி! தூரத்திலிருந்து எடுத்த போட்டோ இருந்தால் போதும், அதுவும் இல்லாவிட்டால் பரவாயில்லை. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் வனத்துறைக்கோ தீயணைப்புக்கோ சொல்லுங்கள்.

அந்தத் தம்பிக்கு ஏறின குப்பிகளுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978ல் இருந்து இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பதில் பெரும் பங்கு அவர்களுடையது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள்.

மலைப்பாம்புக்கும் அவர்களுக்கும் ஒரு அமெரிக்கக் கணக்கு உண்டு. ஃப்ளோரிடாவில் வீட்டில் வளர்க்கிற ஆசைக்காக பர்மிய மலைப்பாம்புகளை இறக்குமதி பண்ணினார்கள். குட்டியாக வாங்கினது பன்னிரண்டு அடிக்கு வளர்ந்ததும் பயந்துபோய் சதுப்புநிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். 1992 புயலில் ஒரு வளர்ப்புக் கூடமும் உடைந்தது. அங்கே அவற்றை அடக்க ஆள் இல்லை. எவர்கிளேட்ஸ் பூங்காவில் ரக்கூன் என்ற பிராணி கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012ல் ஒரு ஆய்வு சொன்னது. நாயை வைத்துத் தேடினார்கள், போட்டி வைத்துப் பிடித்தார்கள். 2017ல் நம்ம மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் கூப்பிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. அதில் ஒன்று 16 அடி. பழைய ஏவுகணைத் தளத்துக்கு உள்ளே ஒளிந்திருந்ததைத் தடம் பார்த்துப் பிடித்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கையால் பாம்பைத் தொட உரிமை உள்ளவர்கள் என்று யாரையாவது சொல்லச் சொன்னால், நான் இவர்களைத்தான் சொல்வேன்.

வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நம்ம மலைப்பாம்பு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. பிடித்தாலோ வளர்த்தாலோ ஜெயில். வெளிநாட்டுப் பால் பைத்தான் குட்டிகளைப் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் மாட்டுகிற செய்தி அடிக்கடி வருகிறது. ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும், ஐந்து வயசுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். அதற்கு மேல் எனக்கு ஒரு சொந்தக் காரணம். கிண்டியில் பார்த்தபோது அதன் நகம், கண், தோல் எல்லாம் தெரிந்தது. அது எப்படி நடக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. அதற்குக் காடு வேண்டும்.

போன வருஷம் திம்பம் மலைப்பாதையில் பஸ்ஸில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் ஆறரை இருக்கும். ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டினதும் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மலைப்பாம்பு. தலை இந்த ஓரம் வந்துவிட்டது, வால் இன்னும் அந்த ஓரத்துப் புல்லுக்குள். பன்னிரண்டு அடிக்குக் குறையாது.

வளையவில்லை, நெளியவில்லை. நேர்கோட்டில், ரயில் மாதிரி போனது. வயிற்றுச் செதில்களைத் தசையால் தூக்கித் தூக்கி வைத்து நகரும் நடை அது, பெரிய பாம்புகளுக்கே உரியது. பார்க்கிறவனுக்கு உடம்பு அசைவதே தெரியாது, திட்டுகள் மட்டும் ஒவ்வொன்றாக நம்மைக் கடந்து போகும்.

பின்சீட்டில் ஒருத்தர், "ஹாரன் அடிங்க, நேரமாவுது" என்றார். இரண்டு பையன்கள் செல்போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார்கள். கண்டக்டர் கதவை மறித்துக் கையை நீட்டினார். "எறங்கப்படாது கண்ணுகளா. இங்கிருந்தே பாருங்க."

டிரைவர் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு இன்ஜினையும் நிறுத்தினார். பஸ்ஸுக்குள் பேச்சு நின்றது. மடியில் குழந்தை வைத்திருந்த ஒரு அம்மா அதைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினார். எனக்குத் தெரிந்து நாலு நிமிஷத்துக்கு மேல் ஆனது. கடைசியாக வால் நுனி உண்ணிச்செடிப் புதருக்குள் இழுபட்டுப் போனது. செடி கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது.

கண்டக்டர் ரோட்டின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். "போலாம், ரைட்!"